ஒரே எண், இரண்டு பேரேடு

லாபமும் வர வேண்டும், அது வருகிற வழியிலேயே ஏழைக்கு நன்மையும் நடந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போடப்படும் பணத்தைச் சமூகத் தாக்க முதலீடு என்கிறார்கள். 2007இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய சந்திப்பில் இதற்கு 'இம்பேக்ட் இன்வெஸ்டிங்' என்று பெயர் வைக்கப்பட்டது. பெயர் வருவதற்கு முன்பே காரியம் நடந்துகொண்டுதான் இருந்தது. இத்துறையின் உலகளாவிய வலையமைப்பு 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இப்படிப் போடப்பட்டிருக்கும் பணம் சுமார் 1.57 லட்சம் கோடி டாலர். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் ஒரு தராசைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு தட்டில் லாபம், மறுதட்டில் நன்மை, நடுவே முள். எவ்வளவு லாபம் தகும், பேராசை எங்கே தொடங்குகிறது என்று விவாதம் போகும். உறுத்துவது அந்தத் தராசுதான். இரண்டு தட்டிலும் இரண்டு வெவ்வேறு பொருள் இருந்தால்தானே எடைபோட முடியும்? ஒரே பொருளை இரண்டு தட்டிலும் காட்டி, சமமாக நிற்கிறது பாருங்கள் என்று சொன்ன வரலாறு இந்தத் துறைக்கு உண்டு. அது பழைய ஆந்திரப் பிரதேசத்தில், நுண்கடன் என்ற பெயரில், பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று முன்பு நடந்தது.

நுண்கடனின் அடிப்படைக் காட்சி எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூலி வேலைக்குக் கிளம்புவதற்கு முன், பொழுது ஏறாத காலையில், யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ மரத்தடியிலோ பாய் விரித்துப் பெண்கள் ஐந்து ஐந்து பேராக வரிசை கட்டி உட்காருவார்கள். உறுதிமொழி சொல்லப்படும். பைக்கில் வந்து இறங்கிய இருபத்து சொச்சம் வயது இளைஞர் நோட்டுகளை எண்ணி, சில்லறையைச் சரிபார்த்து, பாஸ்புக்கில் கையெழுத்துப் போடுவார். வியர்வையில் நனைந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்ததால் சுருண்டுபோன நோட்டுகள். ஒருத்திக்கு அந்த வாரம் பணம் புரளவில்லையென்றால் மற்ற நால்வரும் சேர்த்துக் கட்ட வேண்டும்; கட்டி முடியும்வரை பாயைவிட்டு யாரும் எழுந்திருக்க முடியாது. அடமானம் கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது. பக்கத்துவீட்டுக்காரியின் முகம்தான் ஜாமீன். பத்தாயிரம் ரூபாய் கடனுக்கு வாரம் 225 ரூபாய் வீதம் 50 வாரம் என்றால் கட்டிய மொத்தம் 11,250 ரூபாய். வட்டி பன்னிரண்டரைதான் என்று சொல்வார்கள். ஆனால் அசல் வாரந்தோறும் கரைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் ஐயாயிரத்துக்குச் சற்று மேலான தொகைதான் ஆண்டு முழுக்க அவள் கையில் இருக்கிறது. அப்படிக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 24 சதவீதத்தைத் தாண்டும். இதில் கள்ளத்தனம் என்று பெரிதாக எதுவும் இல்லை, தவணைக்குப் பொருள் விற்கிற கடையிலும் இதே கணக்குதான். நூற்றுக்கு மாதம் மூன்று, ஐந்து என்று வாங்குகிற உள்ளூர் வட்டிக்காரரோடு ஒப்பிட்டால் இது மலிவும்கூட.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு எண் பிறந்தது: 99. கொடுத்த கடனில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறித்த நாளில் திரும்பி வருகிறது என்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லின. பெரிய தொழிலதிபர்களிடம் கோடிகளைத் தொலைத்த வங்கிகளுக்கு இது நம்ப முடியாத எண். முதலீட்டாளரின் பேரேட்டில் இதற்கு ஒரு பொருள்: பணம் பத்திரம், இன்னும் போடலாம். நன்மையின் பேரேட்டிலும் இதே எண் எழுதப்பட்டது: ஏழைப் பெண் கடனை வைத்துத் தொழில் செய்தாள், சம்பாதித்தாள், அதனால் கட்டினாள், கடன் அவளுக்குப் பயன்படாமல் இருந்தால் எப்படிக் கட்டியிருப்பாள்? கேட்பதற்குச் சரியான வாதம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவள் எந்தப் பணத்திலிருந்து கட்டினாள் என்று கேட்கும் கட்டம் எந்தப் பாஸ்புக்கிலும் இல்லை. எருமைப் பாலை விற்ற காசா, கணவன் வாங்கிவந்த கூலியா, தோட்டை அடகு வைத்ததா, வேறொரு கம்பெனியில் புதிதாக எடுத்த கடனா? நான்கும் நோட்டாகத்தான் வரும். எண்ணுகிறவர் கையில் நான்குக்கும் ஒரே கனம். திருப்பிக் கட்டப்பட்டது என்பது கடன் கொடுத்தவரின் பத்திரத்துக்கு முழுச் சான்று, வாங்கியவரின் நலத்துக்கு அரைச் சான்றுகூட இல்லை. இந்த ஒரே எண் இரண்டு பேரேட்டிலும் வரவு வைக்கப்பட்டதால், லாபமும் நன்மையும் கைகோத்து வளர்வதாக ஒரு தோற்றம் உண்டானது.

அந்தத் தோற்றத்தை மிகப் பெரிதாக வளர்த்த நிறுவனம் எஸ்.கே.எஸ். 1990களின் பிற்பகுதியில் மேதக் மாவட்டத்து வறண்ட கிராமங்களில் 'ஸ்வயம் கிரிஷி சங்கம்' என்ற பெயரில், லாப நோக்கமற்ற அமைப்பாக விக்ரம் அகுலா அதைத் தொடங்கினார். நன்கொடையை நம்பி நடத்தினால் எத்தனை ஊருக்குப் போக முடியும் என்ற கேள்வி விரைவிலேயே வந்தது. கேள்வி நியாயமானது. நன்கொடையாக வந்த ஒரு ரூபாய் ஒரு ரூபாய்க் கடனாகத்தான் நிற்கும். அதே ரூபாய் பங்கு மூலதனமாக வந்தால் அதைக் காட்டி வங்கியிடம் நான்கைந்து மடங்கு கடன் வாங்கலாம். முன்னுரிமைத் துறைக்கு இத்தனை சதவீதம் கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்த இந்திய வங்கிகளோ, கிராமம் கிராமமாக அலையாமல் அந்தக் கடமையைக் கழிக்க வழி தேடிக்கொண்டிருந்தன. நுண்கடன் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டால் கணக்கு நேர். 2005இல் எஸ்.கே.எஸ். வங்கியல்லாத நிதி நிறுவனமாக மாறியது. 2007இல் செகோயா கேப்பிட்டலின் பணம் வந்தது. மெக்டொனால்ட்ஸும் ஸ்டார்பக்ஸும் கிளை பெருக்கிய முறையைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வேலையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. கிளை, பயிற்சி, படிவம், உறுதிமொழி எல்லாம் எங்கும் ஒன்றுபோல. இந்த மாற்றத்தில் ஒரு மூலையில் கிடக்கிற செய்தி யோசிக்க வைக்கிறது. தொண்டு நிறுவனமாக இருந்த காலத்தில் ஏழைகளின் பெயரால் வந்த கொடைப் பணம், கடன் வாங்கிய பெண்களின் நலனுக்கென்று அமைக்கப்பட்ட அறக்கட்டளைகளின் வழியாகக் கம்பெனியின் பங்காக மாறியது. காகிதத்தில் அந்தப் பெண்கள் முதலாளிகள். வாரந்தோறும் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இதே பாதையில் மெக்சிகோவின் காம்பார்தாமோஸ் முன்னே போயிருந்தது. 1990இல் தொண்டு அமைப்பாகத் தொடங்கி, கம்பெனியாக மாறி, 2007 ஏப்ரலில் தன் பங்குகளில் சுமார் 30 சதவீதத்தைச் சந்தையில் விற்றது. வரியையும் சேர்த்தால் ஏழைப் பெண்களிடம் அது வாங்கிய வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தை நெருங்கியது. பங்குதாரர் மூலதனத்தின் மேல் ஆண்டு லாபம் 50 சதவீதத்துக்கு மேல். விற்கப்பட்டவை அனைத்தும் ஏற்கெனவே சிலர் கையிலிருந்த பங்குகள். அதாவது ஏழைக்குக் கடன் கொடுக்கப் புதிதாக ஒரு பேசோவும் அந்த விற்பனையில் திரட்டப்படவில்லை. முன்பு போட்டவர்கள் பணமாக்கிக்கொண்டார்கள். அப்படி விற்றவர்களில் தொண்டு நிறுவனமும் உண்டு, உலக வங்கிக் குழுமத்தின் நிதிக் கழகமும் உண்டு. அவர்கள் சொன்ன நியாயம்: இந்த லாபத்தைப் பார்த்துத்தான் பெரும் மூலதனம் ஏழைகளைத் தேடி வரும். அந்தக் கணிப்பு பலித்தது. தேடி வந்தது என்ன எதிர்பார்ப்போடு வந்தது என்பதுதான் சிக்கல். பங்களாதேஷின் கிராமீன் வங்கியைத் தோற்றுவித்த முகமது யூனுஸ் இந்தப் பங்கு விற்பனையைக் கடுமையாகக் கண்டித்தார். 2010 செப்டம்பரில் நியூயார்க்கில் அவரும் அகுலாவும் ஒரே மேடையில் எதிரெதிராக உட்கார்ந்து வாதிட்டார்கள். யூனுஸின் கட்சி, ஏழையிடமிருந்து லாபம் எடுத்துச் செல்ல வேறொருவருக்கு உரிமை இருக்கக் கூடாது. அகுலாவின் கட்சி, அந்த உரிமையைக் கொடுக்காமல் கோடிக்கணக்கான ஏழைகளை எட்டுமளவுக்குப் பணம் வராது. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இந்த வாதத்தைக் கேட்கும்போது வரும் அலுப்பு. இருவரும் லாபத்தின் அளவையும் உரிமையையும் பேசினார்கள். நன்மை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பது இரு தரப்புக்கும் பொதுவான தரை. அந்த மேடையின் விவாதப் பொருளில் அது இல்லை.

அந்த மேடைக்குச் சில வாரங்கள் முன்புதான் எஸ்.கே.எஸ். பங்குச் சந்தைக்கு வந்திருந்தது. ஒரு பங்கு 985 ரூபாய். திரட்டிய தொகை சுமார் 1,630 கோடி ரூபாய். விண்ணப்பங்கள் பதின்மூன்று மடங்குக்கு மேல் குவிந்தன. அப்போது கம்பெனியின் கடன் வளையத்தில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். இங்கேயும் விற்பனைக்கு வைத்த பங்குகளில் பாதிக்கும் மேல் பழைய முதலீட்டாளர்களுடையவை. ஆகஸ்ட் 16இல் பட்டியலிடப்பட்ட பங்கு, செப்டம்பரில் 1,400 ரூபாயை எட்டியது. அக்டோபர் நடுவில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. நுண்கடன் நிறுவனங்கள் மாவட்டந்தோறும் பதிவு செய்ய வேண்டும், வார வசூல் கூடாது, வீட்டு வாசலில் வசூல் கூடாது, ஊராட்சி அலுவலகத்தில் மாதம் ஒருமுறைதான் வாங்க வேண்டும், ஏற்கெனவே கடன் நிற்கும் பெண்ணுக்கு அனுமதியில்லாமல் இன்னொரு கடன் தரக் கூடாது. அந்த மாதங்களில் தெலுங்குப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் கடன் தொல்லை தாங்காமல் உயிரை விட்டவர்களின் செய்திகளை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தன. அரசு அவற்றை நுண்கடன் வசூலோடு சேர்த்துப் பேசியது, நிறுவனங்கள் மறுத்தன. அரசும் இதில் மூன்றாம் மனிதர் இல்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு 'பாவலா வட்டி', அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் கால் ரூபாய் வட்டியில், தானே கடன் திட்டம் நடத்திக்கொண்டிருந்தது. தன் குழுக்களில் இருந்த பெண்களைத்தான் கம்பெனிகள் வளைத்துக்கொண்டிருந்தன. 2006லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் அதிகாரிகள் ஐம்பது கிளைகளை இழுத்து மூடியிருந்தார்கள். கடனாளியின் கண்ணீரைத் துடைக்க வந்த கை, போட்டிக் கடைக்காரரின் கையாகவும் இருந்தது.

பிறகு நடந்தது இந்த வரலாற்றின் மையம். 99 ஆக இருந்த வசூல், மாநிலம் முழுவதும், சில வாரங்களில் இருபது சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. ஒரு ஊரிலும் மழை பொய்க்கவில்லை, எருமைகள் சாகவில்லை, கூலி நிற்கவில்லை. வார வசூல் நின்றது, அவ்வளவுதான். தொழில் செய்து சம்பாதித்ததால் கட்டினார்கள் என்றால், அந்தச் சம்பாத்தியம் ஒரே இரவில் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள், பார்த்தீர்களா, எல்லாம் மிரட்டி வாங்கியதுதான் என்று முடித்துக்கொண்டார்கள். அதுவும் அவசர முடிவு. குழுக் கடனில் இருக்கும் பெண் இந்தக் கடனைக் கட்டுவதே அடுத்து வரும் பெரிய கடனுக்காக. பத்தாயிரத்தைக் கட்டினால் பதினைந்தாயிரம், அதைக் கட்டினால் இருபதாயிரம். அடுத்த கடன் வராது என்று தெரிந்த நாளில் கட்டுவதற்கான காரணத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. கட்டக் கூடாது, அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஊர்த் தலைவர் சொன்னால் மிச்சமும் போய்விடும். ஆக 99 என்ற எண்ணுக்குள் இருந்தவை பல: கொஞ்சம் சம்பாத்தியம், கொஞ்சம் அண்டைவீட்டு வெட்கம், அடுத்த கடனின் எதிர்பார்ப்பு, இன்னொரு கம்பெனியின் பணம், சில இடங்களில் மிரட்டல். இவை எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கலவையாக இருக்கும்வரை அந்த எண் எல்லோருக்கும் உதவியது. பிரித்துப் பார்க்கும் செலவை ஏற்க வேண்டியவர்கள், பிரித்தால் நஷ்டப்படக்கூடியவர்களும்தான்.

நன்மையைத் தனியாக அளக்க முயன்றவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி இடங்களில் ஸ்பந்தனா என்ற நுண்கடன் நிறுவனத்தை முதலில் கிளை திறக்க வைத்து ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்களில் சிலர் நன்றாக வளர்ந்தார்கள். வீட்டில் நீடித்துழைக்கும் பொருட்கள் கூடின. தேநீர், புகையிலை, விருந்து போன்ற செலவுகள் குறைந்தன. பிள்ளைகளின் படிப்பிலோ, ஆரோக்கியத்திலோ, வீட்டில் பெண்ணின் சொல் எடுபடுவதிலோ கணக்கில் காட்டும்படி எதுவும் மாறவில்லை. மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய நாடுகளில் நடந்த இதே வகை ஆய்வுகளோடு சேர்த்து 2015இல் வெளியானபோது வந்த தீர்ப்பு ஏறக்குறைய ஒன்று: கெடுதல் என்று சொல்ல முடியாது, வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது என்றும் சொல்ல முடியாது. கந்துவட்டிக்காரர் என்று ஏசியவர்களுக்கும் வறுமையை ஒழிக்கும் ஆயுதம் என்று கொண்டாடியவர்களுக்கும் பயன்படாத முடிவு. பிறகு எமிலி பிரெஸாவும் சிந்தியா கின்னனும் ஒரு சாமர்த்தியமான காரியம் செய்தார்கள். ஆந்திரத்தில் பணம் முடங்கியதால் அதே கம்பெனிகள் வேறு மாநிலங்களில் கடன் கொடுப்பதைச் சுருக்க நேர்ந்தது. அந்த மாநிலங்களின் மாவட்டங்களில் என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். கடன் வாங்காதவர்களுக்கும்கூடக் கிராமத்துக் கூலி குறைந்திருந்தது, குடும்பச் செலவு சுருங்கியிருந்தது. அப்படியென்றால் நன்மை இருந்திருக்கிறது. கடன் வாங்கியவளின் பாஸ்புக்கில் தேடியவர்களுக்கு அகப்படாமல், அவளிடம் கூலிக்குப் போன, எந்தக் குழுவிலும் சேராத யாரோ ஒருவரின் கூலியில் அது சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. அது இருந்ததும், அது போய்விட்ட பிறகுதான் தெரிந்தது. எந்த முதலீட்டாளரின் அறிக்கையிலும் அந்தக் கூலிக்காரர் வரவில்லை. 'தொட்ட வாழ்க்கைகள் இத்தனை லட்சம்' என்ற தலைப்பெண்ணில்கூட அவருக்கு இடம் இல்லை.

அளவைவிடக் காலம்தான் பெரிய பிரச்சினை என்று தோன்றுகிறது. முதலீட்டு நிதியின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. முதல் நான்கைந்து ஆண்டுகளில் போட்டு, மிச்ச ஆண்டுகளுக்குள் விற்று வெளியேறி, பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். 'எக்ஸிட்' என்ற சொல் இந்தத் துறையில் முதல் நாள் பேச்சுவார்த்தையிலேயே வந்துவிடும். கடன் வாங்கியவளின் காலம் 50 வாரம். அந்தக் கடன் அவள் மகளின் படிப்பாக மாறுவதானால் இருபது ஆண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே நிதியின் பத்து ஆண்டு எதோடும் பொருந்தாமல் நிற்கிறது. வெளியேறும் நாள் நெருங்கினால் கம்பெனி வளர்ந்தாக வேண்டும். வளர வேண்டுமானால் கிளை, கிளைக்கு ஆள், ஆளுக்கு இலக்கு. புது ஊர் தேடுவதைவிட, ஏற்கெனவே மூன்று கம்பெனியில் கடன் உள்ள பெண்ணிடம் நான்காவதைக் கொடுப்பது எளிது, ஏனென்றால் அவள் ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று மூன்று பாஸ்புக்குகள் சாட்சி சொல்கின்றன. நான்காவது கடனை வாங்கி முதல் மூன்றையும் கட்டினால் மூன்று கம்பெனிக்கும் 99 காக்கப்படுகிறது. இதில் கெட்டவர் என்று யாரையும் சுட்ட முடியாது. பைக்கில் வந்த இளைஞருக்கு இலக்கு, அவர் மேலாளருக்கு இலக்கு, மேலாளருக்கு மேலே ஒரு தேதி. விற்றுவிட்டுப் போகிறவர் நன்மையை நிறுத்தச் சொல்லவில்லை. தேதியை மட்டும் குறித்தார்.

இத்தகைய முதலீட்டாளர்களின் மாநாடுகளில் நன்மையும் லாபமும் சேர்ந்து வரும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கொடுப்பவர்களுக்கு அறை, குளிர்சாதனம். இலவசப் பிரிவில் தரையில் பாய். அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு பக்கமும் மாறி மாறிப் போவார்கள். நீ ஏழைதானா என்று சான்றிதழ் கேட்பதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பதை நோயாளியே தீர்மானிக்கிறார். முகாம் நடந்த ஊரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, பச்சைத் துணி கட்டிய கண்ணோடு திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முதியவர்களை மதுரை, தேனி, திருநெல்வேலிப் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அயல்நாட்டிலிருந்து நூறு டாலர் அளவுக்கு வந்துகொண்டிருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற லென்ஸ் ஆலையைத் தொடங்கி அதைச் சில டாலருக்குக் கொண்டுவந்தார்கள். நடத்தும் செலவு போகத் தாராளமாக மிச்சமும் வருகிறது. ஆனால் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறவர்கள் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு: இங்கே அந்த மிச்சத்துக்கு உரிமையாளர் கிடையாது. நடத்துவது அறக்கட்டளை. குடும்பத்தாரின் சேமிப்பு, வங்கிக் கடன், பிற்பாடு சில கருவிகளுக்கான கொடை என்று வளர்ந்ததே தவிர, பங்கு வாங்கி, ஒரு நாள் விற்றுவிட்டுப் போகும் முதலீட்டாளர் அதில் எப்போதும் இருந்ததில்லை. யாரும் முதலீடு செய்ய முடியாத நிறுவனத்தைக் காட்டி முதலீட்டுக்கு ஆள் சேர்ப்பது சற்று விநோதமான காரியம். இன்னொன்று, அங்கே இரண்டு பேரேட்டிலும் இருப்பவை இரண்டு வேறு எண்கள். பணம் கொடுத்தவர்களின் வருமானம் ஒன்று. பார்வை திரும்பிய கண்கள் ஒன்று. இரண்டாவதைப் பெரிதாக்கினால் முதலாவது தானாகப் பெரிதாகிவிடாது. அதனால்தான் அங்கே ஆண்டுதோறும் உட்கார்ந்து உண்மையாகவே எடைபோட வேண்டியிருக்கிறது. கண்புரைக்கு இது கைகூடுவதற்கு நோயின் இயல்பும் ஒரு காரணம்: பார்வை வந்ததா இல்லையா என்று மறுநாள் கட்டு அவிழ்த்ததுமே தெரிந்துவிடும். கடனுக்கு அப்படிக் கட்டு அவிழ்க்கும் காலை என்று ஒன்று இல்லை.

இரண்டு எண்களையும் பிரித்து வைக்கும் முயற்சிகள் வேறு வகையிலும் நடந்திருக்கின்றன. ராஜஸ்தானின் பில்வாராவில் 2015 முதல் 2018 வரை பெண்பிள்ளைகளின் கல்விக்காக நடந்த விளைவுப் பத்திரத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தின் வங்கி அறக்கட்டளை ஒன்று முன்பணம் போட்டது. பிள்ளைகள் உண்மையில் கற்றார்களா என்று வெளியார் சோதித்த பிறகு, இலக்கு எட்டியிருந்தால் மட்டும் வேறொரு அறக்கட்டளை அதை வட்டியோடு திருப்பித் தரும். கற்றல் இலக்கில் 160 சதவீதம் எட்டப்பட்டது, முதலீட்டாளருக்கு 15 சதவீத ஆதாயம். ஆனால் ஆதாயத்தைத் தந்தது பிள்ளைகள் இல்லை, கொடையாளர். அதுவும் சில லட்சம் டாலருக்குள் அடங்கிய திட்டம். சோதிக்கிற செலவு, ஒப்பந்தச் செலவு எல்லாம் தனி. யூனுஸ் வேறு வழி போனார்: போட்ட அசலை மட்டும் எடுத்துக்கொள், ஈவுத்தொகை கிடையாது. டானோன் நிறுவனத்தோடு சேர்ந்து பங்களாதேஷின் போக்ராவில் சத்துத் தயிர் ஆலை வந்தது. 2008இல் பால் விலை ஏற, தயிர்க் கோப்பையின் விலையை ஏற்றியதும் கிராமத்து விற்பனை சரிந்தது. லாபத்தை விட்டுக்கொடுத்தாலும் பால்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும். இந்தியாவிலோ சமூகப் பங்குச் சந்தை என்று ஒன்றைத் தொடங்கி, அசலும் திரும்பாது, வட்டியும் கிடையாது என்ற நிபந்தனையோடு கடன் பத்திரம் வெளியிடுகிறார்கள். 2023 டிசம்பரில் முதல் பத்திரம் பட்டியலிடப்பட்டது. நன்கொடைக்கு ரசீது புத்தகம் போதுமே என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் போட்டவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதில் இங்கே மயக்கம் இல்லை. அந்த மட்டுக்கும் இது நாணயமானது.

ஆந்திரத்துக்குப் பிறகு ஒழுங்குமுறை வந்தது. ஒய்.எச். மாலேகம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. ரிசர்வ் வங்கி அந்த ஆண்டே வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு விதித்தது, ஒரு பெண்ணுக்கு எத்தனை நிறுவனம் கடன் தரலாம் என்று வரையறுத்தது. 2022இல் அந்த வட்டி வரம்பு எடுக்கப்பட்டு, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்ற விதி வந்தது. கடன் வாங்குகிறவரின் பக்கத்து எண் ஒன்று விதிப்புத்தகத்தின் மையத்துக்கு வந்ததை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். கூலியும் கறவையும் கலந்த வருமானத்தை வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொள்வது, இலக்கோடு வந்த அதே இளைஞர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்.கே.எஸ். 2016இல் பெயர் மாறி, 2019இல் இண்டஸ்இண்ட் வங்கியோடு இணைந்தது. ஆந்திரச் சட்டம் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குச் செல்லாது என்று 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவணை தவறும் கடன்கள் மறுபடியும் பெருகிய பிறகு, 2025 பிப்ரவரியில் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டும் குறிவைப்பது வசூலிக்கும் முறையை. கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கடமையை இவை கடன் கொடுப்பவருக்கும் விதிக்கவில்லை, அவருக்குப் பின்னால் நிற்கும் முதலீட்டாளருக்கும் விதிக்கவில்லை.